தனித்தனி வாசல்கள்: மருத்துவச் சீர்திருத்தமும் பொதுக்கருத்தும்

(திருச்சி கைலாசபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அவையில் பேசிய ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கிளைப்பேச்சுகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



"தேசிய மருத்துவச் சீர்திருத்தம் பற்றிய பொதுக்கருத்து" என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சிட்டிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தோடுதான் என்னை மாட்டிவிட்டிருக்கிறீர்கள். இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. எந்த டாக்டர் கைராசிக்காரர், தில்லைநகரில் எந்த கிராஸில் போனால் தேவையில்லாமல் ஸ்கேன் எழுதுவார்கள், புத்தூர் ஜி.எச்.சில் எத்தனை மணிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் திருவெறும்பூர் பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் நாட்டுக்கு எப்படிப்பட்ட மருத்துவ ஏற்பாடு வேண்டும், அதற்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டுப் பாருங்கள், பஸ் அமைதியாகிவிடும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு லோக்நீதி–சி.எஸ்.டி.எஸ். எடுத்த கருத்துக் கணிப்பில் மக்கள் சொன்ன முதல் இரண்டு கவலைகள் வேலையின்மையும் விலைவாசியும். மருத்துவம் அவற்றின் பக்கத்தில்கூட வரவில்லை.

இத்தனைக்கும் மருத்துவச் செலவு வீட்டை உலுக்கும் செலவு. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். 2013-14-இல் இது 64.2 விழுக்காடாக இருந்தது, குறைந்திருப்பது உண்மை. ஆயினும் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில் கட்டும் வழக்கம் மறையவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது நாட்டு உற்பத்தி மதிப்பில் 1.84 விழுக்காடு. 2025-க்குள் அதை 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை எழுதி வைத்திருந்தது. அந்த இலக்கு எங்கே போயிற்று என்று கேட்டு எந்த ஊரிலும் சாலை மறியல் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்பார்கள் சிலர். நோயைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளும் நாடு இது என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. என் வாதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சங்கம் வைக்கவும் மனுக் கொடுக்கவும் வழக்குப் போடவும் தெரிந்த ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் மருத்துவத்தில் ஒரு தனி வாசல் வைத்துக் கொடுத்துவிட்டோம். எல்லோரும் ஒரே வாசலில் நிற்கிற விஷயத்தில்தான் பொதுக்கருத்து பிறக்கிறது. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. பாதை பிரிந்த ஆண்டு

1943-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இரண்டு வேலைகளை இரண்டு தரப்பிடம் கொடுத்தது. ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு ஏற்படுத்துவது பற்றி ஆராயும் பொறுப்பு மார்ச் மாதம் பேராசிரியர் பி.பி. அதர்க்கரிடம் போயிற்று. நாடு முழுவதற்குமான மருத்துவ ஏற்பாட்டை வகுக்கும் பொறுப்பு அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையிலான குழுவுக்குப் போயிற்று. நம்மவரான ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் அந்தக் குழுவில் உறுப்பினர்.

போர் குழு 1946-இல் அறிக்கை கொடுத்தது. பணம் கட்ட முடியவில்லை என்ற காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. சந்தா கட்ட வழியில்லாத மக்களே பெரும்பான்மை என்பதால் வரிப்பணத்தில்தான் இதை நடத்த முடியும் என்று அந்தக் குழு கண்டது. அதர்க்கரின் பரிந்துரையோ 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) சட்டமாயிற்று.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. போர் குழு கேட்டதில் சிறு துண்டு அது. 1954-இல் டெல்லியில் மத்திய அரசு ஊழியருக்குத் தனித் திட்டம் வந்தது. ரயில்வேக்கு ஏற்கெனவே தனி மருத்துவமனைகள் இருந்தன. ராணுவத்துக்கும் இருந்தன. முன்னாள் படைவீரர்களுக்கு 2003-இல் ஒரு திட்டம் சேர்ந்தது. போர் குழு எல்லோருக்குமாக வரைந்த வீடு, குரல் இல்லாதவர்களுக்கான வீடாக மட்டும் கட்டி முடிக்கப்பட்டது. யாரும் சதி செய்து இப்படி ஆக்கவில்லை. ஒவ்வொரு திட்டமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. தொழிற்சங்கங்கள் போராடி வாங்கியவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2. திருச்சியை ஒரு சுற்று

புத்தகம் வேண்டாம், நம் மாவட்டத்தையே ஒரு சுற்று வருவோம். பொன்மலையில் ரயில்வே மருத்துவமனை. கைலாசபுரத்தில் பெல் மருத்துவமனை. முன்னாள் படைவீரருக்குத் தனி பாலிகிளினிக். ஆலைத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. மாநில அரசு ஊழியருக்குச் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் காப்பீடு. வசதி உள்ளவருக்குத் தில்லைநகர் தனியார் மருத்துவமனைகள். மற்ற எல்லோருக்கும் புத்தூர் பெரியாஸ்பத்திரி, அந்தந்தப் பகுதி அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம்.

1965-இல் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு இங்கே பெல் கொதிகலன் ஆலை எழுந்தபோது, சுற்றிலும் பொட்டல். ஆலையோடு குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. அன்றைக்கு வேறு வழியில்லை. ஊரே இல்லாத இடத்தில் ஊரை உண்டாக்கினார்கள். அந்த மருத்துவமனையில் பிறந்தவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள்.

இங்கே மருத்துவம் பற்றிய கருத்துக்குப் பஞ்சம் உண்டா? ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம் எதிலாவது மருத்துவத் திட்டம் பற்றிய பேச்சு இல்லாமல் இருந்ததுண்டா? சந்தா எவ்வளவு, ரெஃபரல் எந்த மருத்துவமனைக்கு, எந்த ஊரில் எம்பேனல் செய்திருக்கிறார்கள், மகன் வீட்டில் பெங்களூரில் இருக்கும்போது மாத்திரைக்கு என்ன செய்வது என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறீர்கள். நுட்பமான விவாதம். நாடாளுமன்ற நிலைக்குழுவில்கூட இவ்வளவு விவரம் தெரிந்தவர்களை ஒரே இடத்தில் பார்ப்பது அரிது. ஆனால் அந்த அறிவு முழுவதும் வாசலுக்கு உள்ளேயே செலவாகிவிடுகிறது. மெயின் கேட்டுக்கு வெளியே அது எட்டுவதில்லை.

3. இரண்டு வாசலுக்கும் நடுவில்

கேட்டுக்கு வெளியே வருவோம். துவாக்குடி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். லேமினேட் செய்த இ.எஸ்.ஐ. அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதன் ஓரம் வெல்டிங் பொறி பட்டுச் சுருங்கியிருந்தது. "இது இருக்குங்க சார், ஆனா சம்பளம் ஏறினா போயிடும்" என்றார். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது, 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. சம்பள உயர்வுக்குப் பயப்படும் தொழிலாளியை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்துப் பட்டறை சின்னது, பத்துப் பேருக்குக் குறைவு, ஆகையால் இ.எஸ்.ஐ.க்குள் வராது. அங்கே ஹெல்பராக இருக்கும் இளைஞருக்கு நாள் கூலி 500 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஆண்டுக்கு 1,56,000. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. முன்பு 72,000-ஆக இருந்தது. வருமானச் சான்றிதழில் உள்ளதை எழுதினால் கார்டு இல்லை. "எல்லாரும் எழுவத்திரண்டாயிரம்னுதான் எழுதியிருக்காங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் குற்றமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏழை என்று எழுதிக் கொடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று வரம்பு வைத்தால், ஊரே ஏழையாகத்தான் எழுதிக் கொடுக்கும்.

இப்படி எந்த வாசலிலும் நுழைய முடியாதவர்கள் நாட்டில் சுமார் 30 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-இல் மதிப்பிட்டது. பெரும் எண்ணிக்கை. ஆனால் இவர்களுக்கு ஒரு சங்கம் இல்லை. லேத் ஹெல்பர், ஜவுளிக்கடைப் பணிப்பெண், ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிறவர், ஸ்விக்கி ஓட்டுகிற பையன் எல்லோரும் ஒரே கூட்டம் என்று அவர்களுக்கே தெரியாது. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் காப்பீட்டை மத்திய அரசு தொடங்கியது. வருமானக் கோட்டை ஓரிடத்தில் அழித்தது நல்ல தொடக்கம். ஆனால் 25 வயது ஹெல்பருக்கு அந்த வாசல் திறக்க இன்னும் 45 ஆண்டு இருக்கிறது.

4. கைக்கு வந்த பிறகு பிறக்கும் கருத்து

பொதுக்கருத்து சட்டத்துக்கு முன்னால் வரும், அதைப் பார்த்து அரசு சட்டம் செய்யும் என்பது பாடப்புத்தக வரிசை. மருத்துவத்தில் பெரும்பாலும் தலைகீழ். அமெரிக்காவில் 2010 மார்ச்சில் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது மக்கள் கருத்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. பல ஆண்டுகள் எதிர்ப்பே சற்று மேலோங்கியிருந்தது. 2017-இல் குடியரசுக் கட்சியினர் அதை நீக்கப் புறப்பட்டார்கள். அதற்குள் பலர் கையில் காப்பீடு வந்துவிட்டது. தொகுதிக் கூட்டங்களில் மக்கள் உறுப்பினர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஜூலை 28 அன்று செனட்டில் 49-க்கு 51 என்று நீக்கும் முயற்சி தோற்றது. அந்த ஆண்டிலிருந்துதான் கணிப்புகளில் ஆதரவு எதிர்ப்பை முந்தத் தொடங்கியது.

நம் மாநிலத்துக் கதை இதற்கு இளைத்ததில்லை. 2009 ஜூலை 23-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை. 2011-இல் ஆட்சி மாறியது. பழைய திட்டம் போயிற்று. 2012 ஜனவரி 11-இல் முதலமைச்சரின் காப்பீடு என வேறு பெயரில், வேறு காப்பீட்டு நிறுவனத்தோடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சமாயிற்று. 2021-இல் மறுபடி ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. பெயரை மாற்றலாம், படத்தை மாற்றலாம், கார்டைப் பிடுங்க எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. இன்றும் ஜி.எச். வராந்தாவில் அதைக் "கலைஞர் காப்பீடு" என்று கேட்பவரும் இருக்கிறார்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே இந்தக் காவல். கண்ணுக்குத் தெரியாததற்கு யார் காவல்? 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு வேண்டிய மருந்தை ஒரே டெண்டரில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, கணக்கில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துப் பின்பற்றின. என் மதிப்பில், காப்பீட்டு அட்டையைவிட இதுதான் பெரிய சீர்திருத்தம். அட்டை படுக்கையில் படுத்தவருக்கு. இது தினமும் மாத்திரை வாங்குபவருக்கு. ஆயினும் தேர்தல் மேடையில் யாராவது "டெண்டர் முறையைக் காப்போம்" என்று முழங்கிக் கேட்டிருக்கிறீர்களா? "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்ட அட்டையிலிருந்து சர்க்கரை மாத்திரையைப் பிதுக்கி எடுப்பவருக்கு அதன் பின்னால் ஒரு கிடங்கு இருப்பது தெரியாது. நாளை அந்த ஏற்பாடு மெல்ல நைந்து போனாலும், "இந்த மாசம் மாத்திரை வரலை, வெளியே வாங்கிக்கோ" என்ற ஒற்றை வாக்கியமாகத்தான் அது மக்களை எட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதில் ஒரு வேறுபாட்டைக் கொண்டுவந்தது: பி.பி. பார்க்கும் கருவியோடும் மாத்திரையோடும் ஒரு பெண் வீட்டுத் திண்ணைக்கே வருகிறார். கிடங்குக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

5. நீட்

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழ்நாட்டில் மருத்துவம் பற்றிப் பொதுக்கருத்தே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள், மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு என்னவாயிற்று? நியாயமான கேள்வி. இந்தச் சொற்பொழிவின் மையமே அதுதான்.

2006-இல் நுழைவுத்தேர்வை ஒழிக்கச் சட்டம் செய்த மாநிலம் இது. 2017-இல் நீட் இங்கே நடைமுறைக்கு வந்ததும் தெருவில் இறங்கினோம். 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை பா.ஜ.க. தவிர மற்ற கட்சிகள் ஆதரித்தன; ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் அதே மசோதாவை மறுபடி நிறைவேற்றினார்கள். டீக்கடையில் கட்-ஆஃப் பேசுகிறோம், பெர்சென்டைல் பேசுகிறோம்.

யார் டாக்டர் ஆவது என்பதில் இவ்வளவு கூர்மை. அந்த டாக்டர் யாருக்கு வைத்தியம் பார்ப்பார் என்பதில் மௌனம். ஏன்? எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு வாசல் ஒன்றுதான். பெல் அதிகாரியின் மகளும் துவாக்குடி ஹெல்பரின் தங்கையும் ஒரே தரவரிசைப் பட்டியலில் நிற்கிறார்கள். விதி மாறினால் எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் அதிர்வு. அதனால்தான் கட்சிகள் கேட்கின்றன.

2021 மே மாதம் கொரோனா தடுப்பூசிக்கு அலைந்தோமே, அதுவும் இப்படித்தான். 18 முதல் 44 வயதினருக்கு மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிப் போடட்டும் என்று கொள்கை இருந்தது. பணம் இருந்தும் ஊசி கிடைக்காத வாரங்கள். எல்லோரும் ஒரே கோவின் முன்பதிவுத் திரையை வெறித்துக்கொண்டிருந்தோம். ஜூன் 7-இல் கொள்கை மாறியது. இவ்வளவு விரைவாக மருத்துவக் கொள்கை ஒன்று திரும்பியது நம் நாட்டில் அபூர்வம்.

6. சங்கம் உள்ளவர் கருத்தும், வாக்கு இல்லாதவர் நிலையும்

2023 மார்ச் 21-இல் ராஜஸ்தான் சட்டமன்றம் மருத்துவ உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 4-இல் ஒப்பந்தம்: 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கும், அரசிடம் நிலச்சலுகை பெறாதவற்றுக்கும் விலக்கு. செலவை அரசு எப்போது திருப்பிக் கொடுக்கும் என்று மருத்துவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த இரண்டு வாரத்தில் நோயாளிகளின் ஊர்வலம் எங்கே? பிரிட்டனில் 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் தேசிய மருத்துவச் சேவையை எதிர்த்தார்கள். ஜூலை 5-இல் அது தொடங்கிவிட்டது. அங்கே மறுபக்கத்தில் வர்க்க வேறுபாடின்றிப் பெரும்பான்மை மக்கள் இருந்தார்கள்.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் என் வாதத்தின் இரண்டு பக்கமும் ஒரே தீவில் தெரியும். 1931-இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. 1934-35-இல் மலேரியா கொள்ளைநோய் பல்லாயிரம் பேரைக் கொன்றது. வாக்குக் கேட்டுப் போனவர்கள் மருத்துவமனை கட்டித் தராமல் ஊருக்குள் மறுபடி நுழைய முடியவில்லை. 1951-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீங்கியது. ஆனால் மலையகத் தோட்டங்களுக்கு வாசல் தனி: துரை நடத்தும் தோட்ட மருந்தகம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை போயிற்று. வாக்கும் பின்னாலேயே போயிற்று. தீவு முழுவதும் குழந்தை இறப்பு சரிந்துகொண்டிருந்தபோது தோட்டப் பகுதி பல்லாண்டுகள் பின்தங்கியே கிடந்தது. தேசிய ஏற்பாட்டுக்கு வெளியே தனி வாசல் வைப்பது சலுகையாகவும் அமையலாம், கைவிடலாகவும் அமையலாம். உள்ளே இருப்பவருக்குக் குரல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அப்படியென்றால் கைலாசபுரம் மருத்துவமனையை மூடிவிட்டு எல்லோரும் புத்தூருக்குப் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இருக்கும் நல்லதை இடித்து எந்தச் சீர்திருத்தமும் நடந்ததில்லை. நான் கேட்பது சிறியது. ஓய்வுபெற்றோர் சங்கமும் தொழிற்சங்கங்களும் மருத்துவத் திட்டம் பற்றி ஆண்டுதோறும் கோரிக்கை மனு எழுதுகிறீர்கள். அடுத்த மனுவில் இரண்டு வரி சேருங்கள்: இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியதும் ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பம் எந்த வாசலுக்குப் போவது என்று ஒரு வரி. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளில் உங்கள் கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்யும் ஹெல்பருக்கு என்ன ஏற்பாடு என்று இன்னொரு வரி. டெல்லியில் யாரிடம் கொடுக்க வேண்டும், எந்தச் சுற்றறிக்கையை மேற்கோள் காட்ட வேண்டும், பதில் வராவிட்டால் எப்போது நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. துவாக்குடிக்காரருக்குத் தெரியாது.

இதை உங்கள் பேரவைக் கூட்டத்தில் யாராவது தீர்மானமாகக் கொண்டுவந்தால் எதிர்ப்பு வரும். நம் சந்தாவை உயர்த்த இது வழிவிடும் என்று ஒருவர் எழுந்து நிச்சயம் சொல்வார். அவருடைய கணக்கை நான் கேட்க விரும்புகிறேன். கேள்வி நேரத்தில் அவரே முதலில் பேசட்டும்.